கட்டை

மலைப்பாதையில் முதலில் தெரிவது புழுதி.
பிறகு சூசையப்பனின் தொப்பி.
களிப்பானையை இறக்கி வைத்துவிட்டு
நான் பார்ப்பதோ அவனுக்குப் பின்னால்:
சைக்கிளில் கயிறு கட்டி இழுத்துவரும்
மலைச்சவுக்குக் கிளை இன்று எத்தனை தடிமன்?

வேறென்ன செய்வான்?
அந்த வண்டியில் மிதியும் சக்கரமும் ஒரே உடம்பு.
சக்கரம் உருண்டால் மிதி சுற்றியே ஆகும்,
கால் வேண்டாமென்றாலும் விடாது.
ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது
முன்கவையில் நீட்டியிருக்கும் இரண்டு முளைகளில்
காலைத் தூக்கி வைத்துக்கொள்வான்.
கீழே மிதிகள் பேய் மிதிப்பதுபோல் பறக்கும்.
பிரேக் என்று ஒன்று இருந்தது.
கரண்டி மாதிரித் தகடு, முன் டயரின் தலையில் உட்காரும்.
மூன்றாம் வளைவிலேயே ரப்பர் கருகும் வாடை.

அதனால்தான் கிளை.
அடிவாரம் வரை உரசி உரசி
பட்டை உரிந்து, கணு மழுங்கி
என் அடுப்புக்கென்றே செதுக்கியதுபோல் வந்து சேரும்.
கிளைக்கு இரண்டு உருண்டை களி, கொள்ளுக் குழம்பு.
எஸ்டேட் குமாஸ்தாவுக்கும் எனக்கும் உள்ள கணக்கு
எந்தப் பேரேட்டிலும் இல்லை.

இதற்கு முந்தைய வண்டியைச் சொன்னால் சிரிப்பீர்கள்.
முன்னால் ஆளுயரச் சக்கரம்,
பின்னால் எருமைக்குப் பின் கன்றுபோல் ஒன்று.
உச்சியில் துரையின் தம்பி.
ஒரு கூழாங்கல், அவ்வளவுதான்,
தலைகுப்புற என் சாம்பல் மேட்டில் விழுந்தான்.
எதற்கு இத்தனை உயரம் என்று கேட்டேன்.
ஒரு மிதிக்கு ஒரு சுற்று,
சக்கரம் பெருத்தால்தான் தூரம் பெருக்கும் என்று
சாம்பலைத் துப்பிக்கொண்டே பட்லர் தமிழில் சொன்னான்.

நான் அம்மாப்பேட்டையில் பிறந்தவள்.
எங்கள் வீட்டு ராட்டையில்
பெரிய சக்கரம் ஒரு சுற்று, கதிர் நாற்பது சுற்று,
நடுவில் ஒரேயொரு கயிறு.
சொல்லியிருப்பேன்.
களி விற்பவளிடம் யார் கேட்டார்கள்?
பத்து வருடம் கழித்து
சூசையப்பன் வண்டியில் சங்கிலியைப் பார்த்தபோது
அட, கயிறு வந்துவிட்டதே என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.

போன ஆவணியில் புழுதியில்லாமல் வந்தான்.
டிக் டிக் டிக் என்று சத்தம் மட்டும்,
பின்சக்கரத்தின் நடுவில் பல்லி கத்துவதுபோல.
எந்தத் திசைப் பல்லி, என்ன பலன் என்று யோசிப்பதற்குள்
பக்கத்தில் வந்து நின்றுவிட்டான்.
கால் இரண்டும் அசையவில்லை.
பந்தலில் மாப்பிள்ளை உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்திருந்தான்.

"கட்டை எங்கே?"

"இதோ."
குனிந்து காட்டினான்.
சக்கர விளிம்பை இரு பக்கமும் கவ்வும்
விரல் நீள ரப்பர்த் துண்டுகள்.
கப்பலில் வந்ததாம். பிரேக் கட்டையாம்.
இதை எரித்தால் ஒரு செம்புத் தண்ணீர் சுடாது.

உள்ளே இருக்கும் பல்லியைப் பற்றியும் சொன்னான்.
இரண்டு சின்ன நாக்கு, முதுகில் வில்.
மிதித்தால் பல்லைப் பிடிக்கும்,
நிறுத்தினால் வழுக்கிக்கொண்டு விட்டுவிடும்.
பிடிக்கவும் தெரிகிறது, விடவும் தெரிகிறது.
என் சம்பந்தி வீட்டுக்கு ஒன்று வரவழைக்கலாம்.

அன்று களிக்கு அரையணா கேட்டேன்.
முகம் சுருங்கிப் போயிற்று அவனுக்கு.
"காலுக்கு ஓய்வு வந்தால் மடிக்குச் செலவு வரும்" என்றேன்.
எடுத்து வைத்தான்.
காசைவிட, அடுப்பைக் கேளுங்கள்,
அந்த மாதம் முழுக்க
வறட்டியும் பனைமட்டையும்தான் அதற்கு.

கார்த்திகை மழை
பாதையை மணலும் சேறுமாக அரைத்துவிட்டது.
நேற்று மேல் வளைவில் சரசரவென்று இலை உரசும் சத்தம்.
அதன் ஊடே டிக் டிக்.
சூசையப்பனுக்குப் பின்னால் கிளை, தொடை தடிமன்.
ரப்பர் தேய்ந்து தகடு தெரிகிறதாம்.
புதுசுக்குச் சீமைக்கு எழுதியிருக்கிறார்களாம்,
வந்துசேர மூன்று மாதம்.

கப்பலுக்கு ஒன்றும் ஆகவேண்டாம்.
ஆடி அசைந்து வரட்டும்.

இரண்டு உருண்டை போட்டுக் குழம்பு ஊற்றினேன்.
ஆவணியில் கொடுத்த அரையணாவைத் திருப்பிக் கேட்டான்.
கிளை ஈரமாக இருக்கிறது, எரியட்டும்,
அப்புறம் பார்க்கலாம் என்றேன்.